மேலே ஏற வேண்டிய சொல்

திருவண்ணாமலையை நாடி வரும் யாத்ரீகர்களில் பெரும்பாலோர் வேங்கிக்கால் என்ற பெயரை அறியமாட்டார்கள். அறிந்தவர்களும் வேலூர்ச் சாலையில் பேருந்து நகரத்தை நெருங்கும்போது நடத்துனர் உரக்கச் சொல்லும் ஒரு நிறுத்தமாகவே அதனை அறிந்திருப்பார்கள். ஆயினும், 1989-ஆம் ஆண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி பழைய வட ஆற்காடு மாவட்டத்திலிருந்து பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானதே, அம்மாவட்டத்தின் நிர்வாகம் முழுவதற்கும் தலைமை ஸ்தானமாக விளங்கும் ஆட்சியர் அலுவலகம் இன்று இருப்பது இந்த வேங்கிக்காலில்தான். கார்த்திகை மாதத்தில் மலையுச்சியில் எழும் தீபத்தைத் தரிசிக்க இலட்சக்கணக்கான ஜனங்கள் திரள்வதைப் பற்றிப் பத்திரிகைகள் ஆண்டுதோறும் எழுதுகின்றன. அந்தப் பெருந்திரளைப் பத்திரமாக வரவேற்று, பத்திரமாக வீட்டுக்கு அனுப்பிவைக்கும் காரியம், பல வாரங்களுக்கு முன்பே வேங்கிக்காலில் ஒரு கூட்ட அரங்கில் வெறும் பேச்சாகத் தொடங்குகிறது என்பதை யாரும் அதிகமாக எழுதுவதில்லை.

அந்த அரங்கில் வந்து அமர்கிறவர்கள் யார் யார் என்று சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். காவல்துறையினர் ஒரு பக்கம். கோயிலைப் பரிபாலிக்கும் இந்து சமய அறநிலையத்துறையினர் ஒரு பக்கம். மலைக்குப் பொறுப்பான வனத்துறையினர், சிறப்புப் பேருந்துகளை விடும் போக்குவரத்துக் கழகத்தார், ரயில்வேயினர், மின்வாரியத்தார், சுகாதாரத்துறையினர், தீயணைப்புத்துறையினர், 2024-இல் மாநகராட்சியாக உயர்ந்த நகர நிர்வாகத்தினர் என்று வரிசை நீளுகிறது. இவர்களில் ஒரு துறையார்க்கு மற்றொரு துறையார் மேலதிகாரிகள் அல்லர். சீருடை வேறு, பதிவேடு வேறு, தவறு நேர்ந்தால் பதில் சொல்ல வேண்டிய இடமும் வேறு. வெளி மாவட்டங்களிலிருந்து தற்காலிகப் பணிக்காக வந்து சேரும் காவலர்களையும் சேர்த்தால் காவல் பணியில் மாத்திரம் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் நிற்கிறார்கள். அவர்களில் அநேகருக்கு மாடவீதி எது, கிரிவலப் பாதையில் எந்த லிங்கம் எங்கே இருக்கிறது என்பதுகூடத் தெரிந்திருக்க நியாயமில்லை. இத்தனை பேரும் சில நாட்களுக்கு ஒரே குழுவாக இயங்கியாக வேண்டும். சட்டமும் சுற்றறிக்கையும் அவர்களை ஒரே அறையில் கூட்டிவைக்குமேயன்றி, ஒருவர் சொல்லை மற்றவர் நம்பும்படி செய்ய அவற்றால் இயலாது. பணியிடத்து நம்பிக்கை எங்கே பிறக்கிறது, எதனால் வளர்கிறது, எதனால் ஒரே பொழுதில் நசித்துப் போகிறது என்று ஆராய விரும்புவோர்க்கு இதனினும் சிறந்த களம் நம் நாட்டில் சுலபமாகக் கிடைக்காது என்பது என் அபிப்பிராயம்.

நம்பிக்கை என்றதும் சிநேகத்தையும் இனிய சம்பாஷணையையும்தான் பலரும் நினைக்கிறார்கள். சேர்ந்து தேநீர் அருந்துவதும், வீட்டு விசேஷங்களுக்கு ஒருவரை ஒருவர் அழைப்பதும், சிரித்துப் பேசுவதும் நல்லவையே. அவற்றை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவசரமான ஒரு காரியத்தின் நடுவே ஒருவர் மற்றவரை நம்புவது, அவர் இனியவர் என்ற காரணத்தால் அன்று. அவர் 'ஆயிற்று' என்று சொன்னால் உண்மையில் ஆகியிருக்கும், ஆகாவிட்டால் 'ஆகவில்லை' என்பதை அஞ்சாமல் சொல்லிவிடுவார் என்ற அநுபவத்தால்தான். இவ்விரண்டில் பின்னதே அரியது, விலைமதிப்பற்றது. மேலேயிருந்து கீழே உத்தரவு இறங்குவதற்கு எந்தப் பிரயாசையும் வேண்டியதில்லை. உயரத்திலிருந்து கீழே வருவது எதற்கும் இயல்பு. கீழேயிருந்து மேலே ஒரு கசப்பான உண்மை ஏறுவதற்குத்தான் படிகள் வேண்டும். அப்படிகளைக் கட்டிவைத்த ஸ்தாபனத்தில் நம்பிக்கை இருக்கும். கட்டாத இடத்தில் எத்தனை விருந்து நடந்தாலும் இராது.

மலையைப் பற்றிய விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். அண்ணாமலையின் உயரம் 2,668 அடி. மகாதீபத்துக்குரிய ஆளுயரக் கொப்பரை கோயிலில் பூஜை செய்யப்பட்டு மலைமேல் கொண்டு செல்லப்படுகிறது. 3,500 கிலோவுக்குக் குறையாத நெய்யும், ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட காடாத் துணியாலான திரியும், கர்ப்பூரமும் மனிதர்களுடைய தோளிலும் தலையிலுமே அவ்வுச்சியை அடைகின்றன. வண்டி ஏறும் பாதை அங்கே இல்லை. தீபம் ஏற்றும் உரிமை பரம்பரையாகப் பர்வதராஜ குலத்தாரைச் சேர்ந்தது. கீழே, அண்ணாமலையார் கோயிலில், அதிகாலையில் பரணி தீபம் ஏற்றப்பட்டு, மாலையில் பஞ்சமூர்த்திகள் தீப தரிசன மண்டபத்தில் எழுந்தருளிய பின்னர், ஆண்டு முழுவதிலும் அந்த ஒரு வேளையில் மட்டுமே வெளியே வரும் அர்த்தநாரீசுவரர் ஆனந்த நடனத்துடன் சில நிமிஷ நேரம் காட்சி தருகிறார். கொடிமரத்தின் எதிரே அகண்ட தீபம் சுடர்விடும் அந்தக் கணத்திலேயே, மாலை ஆறு மணிக்கு, உச்சியிலும் ஜோதி எழும்பியாக வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய விசேஷம் ஒன்றுண்டு. உச்சியில் நிற்கிறவர்கள் அர்த்தநாரீசுவரரைக் காண்பதில்லை. பிரகாரத்தில் நிற்கிறவர்களுக்கோ, மேலே நெய் திரியில் நன்றாக ஊறியிருக்கிறதா, மலைக்காற்றும் மழைச்சாரலும் என்ன செய்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. இரண்டு கூட்டத்தாரும் ஒரே காரியத்தின் இரண்டு பாதிகளை, ஒருவரை ஒருவர் பாராமலேயே, நிறைவேற்றுகிறார்கள். இடையே செல்வது கீழேயிருந்து கிடைக்கும் ஓர் அடையாளம் மாத்திரமே. அந்த அடையாளத்துக்கு ஒரு பொருள்தான் உண்டு. அதற்கு முன்னால் ஏற்றுவதில்லை, அது கிடைத்த பின் தாமதிப்பதுமில்லை. இக்காலத்தில் காவலர்களிடம் கம்பியில்லாக் கருவிகள் இருக்கின்றன. அவை இல்லாத காலத்திலும் தீபம் ஏறிக்கொண்டுதான் இருந்தது. சொல் எவ்வளவு சுருக்கமோ அவ்வளவு ஐயமற்றதாக இருப்பதும், அதனை அனுப்புகிறவர் வேளை தவறாதிருப்பதும், பெறுகிறவர் தம்முடைய ஆயத்தத்தை முன்னதாகவே முடித்து வைத்திருப்பதும், ஆண்டுக்கு ஆண்டு மாறாமல் நடந்துவந்தமையால், கண்ணால் காணாத தூரத்திலும் பரஸ்பர விசுவாசம் நிலைபெற்றிருக்கிறது. வேலையை மதுரையிலிருந்து ஒருவரும் சென்னையிலிருந்து ஒருவரும் திரையில் பார்த்துப் பேசியே செய்து முடிக்கும் இந்நாளில், தூரம் இருப்பதனால் நம்பிக்கை குலைகிறது என்று குறைப்படுகிறவர்கள், தங்களிடையே செல்லும் சொற்களுக்கு இப்படி ஒரே பொருள்தான் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். 'சீக்கிரம் அனுப்புகிறேன்' என்பது ஒருவருக்கு அன்று மாலையாகவும் மற்றொருவருக்கு அடுத்த வாரமாகவும் இருக்குமானால், அங்கே குலைந்தது தூரத்தால் அன்று.

மலையைவிடவும் எனக்கு அதிகமாகப் பாடம் சொல்வது தேர். உற்சவத்தின் ஏழாம் நாள் மாடவீதிகளில் ஐந்து தேர்கள் ஒன்றன்பின் ஒன்றாக உலா வருகின்றன; விநாயகர் தேரும் முருகர் தேரும் முன்னே செல்ல, அண்ணாமலையாரின் பெரிய தேர் நடுநாயகமாக வருகிறது; அம்மன் தேரைப் பெண்கள் வடம் பிடிக்கிறார்கள்; சண்டிகேசுவரர் தேரைச் சிறுவர்கள் இழுக்கிறார்கள். பெரிய தேரை நிதானமாகப் பார்த்தவர்களுக்கு அங்கே நடப்பது பக்தியோடு கூட ஒரு மகத்தான கூட்டுத் தொழில் என்பது விளங்கும். வடம் பிடித்தோர் முன்னோக்கி நடக்கிறார்கள். தேர் அவர்களுக்குப் பின்னால் இருக்கிறது. சக்கரம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அவர்கள் அறியார்கள். தேர்த்தட்டில் நிற்பவருக்கு வீதியின் வளைவு தெரியும். தம் காலடியில் உள்ள சக்கரம் தெரியாது. பின்னால் நெம்பு கொடுக்கிறவர்களுக்குச் சக்கரம் தெரியும். முன்னே நிற்கும் ஜனத்திரள் தெரியாது. இவர்கள் எல்லோருக்கும் நடுவே, உருளும் சக்கரத்தின் ஓரமாகக் குனிந்து நடந்துகொண்டே, முட்டுக்கட்டையைச் சரியான கோணத்தில் சக்கரத்துக்கு முன்னே போட்டுத் திருப்பவும் நிறுத்தவும் செய்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். தேரின் ஓட்டம் முழுவதும் அவர்கள் கையில்தான் இருக்கிறது; அவர்கள் கையோ சக்கரத்துக்கு அரையடித் தூரத்தில் இருக்கிறது.

அந்த முட்டுக்கட்டைக்காரர் 'நிறுத்து' என்று குரல் கொடுத்தால், தேர்த்தட்டிலிருப்பவர் உடனே அதனை வாங்கிக் கையசைவாலும் விசிலாலும் முன்னே அனுப்ப, வடம் தளர்ந்துவிடுகிறது. குரல் கொடுத்தவர் யார், அவருக்கு என்ன பதவி, அவர் சொல்லலாமா என்று ஒருவரும் அப்போது விசாரிப்பதில்லை. சக்கரத்தை அருகிலிருந்து காண்கிறவர் எவரோ அவருடைய வார்த்தையே அந்தக் கணத்தின் ஆணை. கோயில் மரியாதைகளில் படிநிலைகளை இவ்வளவு நுட்பமாக அநுஷ்டிக்கும் நம் சமூகம், தேரோட்டத்தில் மட்டும் படிநிலையைப் புறத்தே வைத்துவிட்டு, அறிவு எங்கே இருக்கிறதோ அங்கே அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. திருச்சியிலுள்ள பாரத மிகுமின் நிறுவனத்தார் திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரங்களும் நீரழுத்தத் தடைகளும் செய்து கொடுத்த பின்பும், சக்கரத்தோரம் குனிந்து நடப்பவரின் குரலுக்கு இருக்கும் மதிப்பு குறையவில்லை.

செல்ல வேண்டிய சொல் செல்லாதபோது நேர்வதையும் நாம் கண்டிருக்கிறோம். 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் தேதி அதிகாலையில், தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில், அப்பர் சதய விழாவின் தேர், மின்சாரம் ஓடிக்கொண்டிருந்த கம்பியில் உரசி, 11 உயிர்கள் மாண்டன. விழா நடத்துவோருக்கும் மின்கம்பிக்குப் பொறுப்பானவர்களுக்கும் இடையே, வேளையறிந்து ஒரு வார்த்தை போய், ஒரு வார்த்தை திரும்பி வந்திருந்தால் அந்த அதிகாலை வேறு விதமாக விடிந்திருக்கும் என்பதை நினைக்கும்தோறும் மனம் பதைக்கிறது.

உலகமறிந்த உதாரணம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1977 மார்ச் 27-ஆம் தேதி, ஸ்பெயின் தேசத்தைச் சேர்ந்த தெனெரீஃபே தீவின் விமான நிலையத்தில், மூடுபனி கவிந்த ஓடுபாதையில், இரண்டு பெரிய போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் மாண்டார்கள். விமானப் போக்குவரத்தின் சரித்திரத்தில் இதனினும் பெரிய விபத்து நிகழவில்லை. ஒன்று டச்சுக்காரர்களுடைய கே.எல்.எம்.; மற்றொன்று அமெரிக்காவின் பான் அமெரிக்கன். டச்சு விமானத்தின் தலைவர், தம் நிறுவனத்திலேயே மற்ற விமானிகளுக்குப் பயிற்சியளிக்கும் ஸ்தானத்திலிருந்த பெரியவர். புறப்பாட்டுக்கு இன்னும் தெளிவான அநுமதி கிடைக்காத நிலையில் அவர் விமானத்தை ஓட்டத் தொடங்கினார். பின்னால் அமர்ந்திருந்த பொறியாளர், வானொலியில் காதில் விழுந்த சம்பாஷணையைக் கொண்டு சந்தேகப்பட்டு, அந்த அமெரிக்க விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று கேட்டார். விலகிவிட்டது என்ற பொருளில் தலைவர் உறுதியாகப் பதில் சொன்னார். அத்துடன் அந்தக் கேள்வி அடங்கிப்போயிற்று. சில விநாடிகளில் எல்லாம் முடிந்தது.

அந்தப் பொறியாளரின் கேள்வியை நான் பல முறை நினைத்துப் பார்க்கிறேன். உண்மை அந்த விமானி அறைக்குள்ளேயே இருந்தது. வெளியிலிருந்து ஒருவரும் வந்து சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அது கீழ்ப்படியில் இருப்பவர் வாயிலிருந்து, கேள்வியின் அடக்கமான ரூபத்தில், ஒரு தடவை வெளிப்பட்டது. தலைவருடைய கீர்த்தியின் முன்னே இரண்டாம் தடவை எழ அதற்குத் தைரியம் வரவில்லை. அன்று பனியும் இருந்தது. ஒரே சமயத்தில் இருவர் பேசியதால் வானொலியில் சொற்கள் அமுங்கிப்போனதும் உண்மை. ஆயினும், மேலே ஏற வேண்டிய சொல் பாதி வழியில் நின்றுபோனதும் அந்தக் காரணங்களில் ஒன்று என்பதை நிபுணர்கள் உணர்ந்தார்கள். அதன் விளைவாக, 1979-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாஸா கூட்டிய ஆராய்ச்சி அரங்கத்தையொட்டி, விமானக் குழுவினர் ஒருவரோடொருவர் எப்படிப் பேச வேண்டும், இளையவர் தம் சந்தேகத்தை எப்படி விடாமல் வற்புறுத்த வேண்டும், மூத்தவர் எப்படிச் செவிகொடுக்க வேண்டும் என்பவற்றை ஒரு பாடமாகவே வகுத்தார்கள். இன்று உலகெங்கும் விமானிகள் அதனைக் கற்கிறார்கள். தலைவரின் அதிகாரத்தை அப்பாடம் குறைக்கவில்லை. தலைவருக்குக் கிடைக்க வேண்டிய உண்மை கிடைக்கும்படி செய்தது, அவ்வளவே.

இதனோடு சேர்த்து நினைக்கத்தக்க மற்றொரு விஷயம், ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஏமி எட்மண்ட்சன் என்ற அம்மையார் மருத்துவமனைகளில் செய்த ஆராய்ச்சி. நன்றாக ஒத்துழைக்கும் செவிலியர் குழுக்களில் மருந்து கொடுப்பதில் பிழைகள் குறைவாகவே இருக்கும் என்று எண்ணி அவர் கணக்கெடுத்தார். கிடைத்த முடிவோ நேர்மாறாக இருந்தது. நல்ல குழுக்களிலேயே பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. ஆழ்ந்து நோக்கியபோது காரணம் புலனாயிற்று: அந்தக் குழுக்களில் பிழைகள் மிகுந்திருக்கவில்லை; பிழைகளை ஒளிக்காமல் சொல்லும் வழக்கம் மிகுந்திருந்தது. மேற்பார்வை செய்யும் உத்தியோகஸ்தர் ஒவ்வொருவரும் இதனை மனத்தில் இருத்திக்கொள்வது நலம். ஒரு பிரிவிலிருந்து குறையே வரவில்லையென்றால், குறை இல்லை என்றும் கொள்ளலாம். குறையைச் சொல்ல ஒருவருக்கும் நெஞ்சுரம் வரவில்லை என்றும் கொள்ளலாம். இரண்டில் எது என்று தெரியும் வரையில் ஆறுதல் அடைவதற்கு இடமில்லை.

மறுபடியும் வேங்கிக்காலுக்கு வருவோம். ஆட்சியர் அலுவலகத்துக்குள் வரும் ஒரு காகிதம் எந்த வழியாகச் செல்கிறது என்பது, அங்கே வேலை பார்ப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அநேகமாகத் தெரியாது. சென்னை மாகாண காலத்திலிருந்து நம் மாவட்ட அலுவலகங்களில் வழங்கிவரும் டாட்டன்ஹாம் முறைப்படி, தபாலில் வந்த காகிதம் எண் பெற்று, உரிய பிரிவின் எழுத்தரை அடைந்து, அவருடைய தன்பதிவேட்டில் ஏறுகிறது. அவர் விஷயத்தை ஆராய்ந்து குறிப்பு எழுதுகிறார். அதன் கீழே கண்காணிப்பாளர் தம் கருத்தை எழுதுகிறார். அதற்கும் கீழே மேலதிகாரிகள் எழுதுகிறார்கள். இந்த முறையைத் தாமதத்தின் மறுபெயராகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அதன் உட்கிடை வேறு. அலுவலகத்தின் அடிப்படியில் இருப்பவரே முதலில் பேச வேண்டும், அவர் பேசியது மையில் நிற்க வேண்டும், மேலே இருப்பவர் அதனை மறுப்பதானால் காரணம் எழுதி மறுக்க வேண்டும் என்பதே அது. விமானிகளுக்கு 1979-க்குப் பிறகு கிடைத்த ஞானத்தின் ஒரு பகுதி நம் குறிப்புக் கோப்புகளில் வெகு காலமாக இருந்து வந்திருக்கிறது.

ஆனால் அச்சம் புகுந்த இடத்தில் அந்த நல்ல முறையும் உள்ளீடற்றதாகிவிடுகிறது. எழுத்தர் தம் அபிப்பிராயத்தை எழுதாமல், 'ஆணைக்காகப் பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது' என்ற ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்கிறார். அபிப்பிராயம் எழுதி ஒரு முறை கடிந்துகொள்ளப்பட்டவர் மறுமுறை எழுதமாட்டார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து மேஜைக்காரர் ஒரு முறைகூட எழுதமாட்டார். கூட்டங்களிலும் இப்படியே. 'குடிநீர் ஏற்பாடு என்ன ஆயிற்று?' என்ற கேள்விக்கு, 'எல்லாம் ரெடி சார், பார்த்துக்கொள்கிறோம்' என்ற பதில் வருகிறது; கேட்டவர் அடுத்த துறைக்குப் போய்விடுகிறார். அந்தப் பதிலில் எத்தனை தொட்டிகள் வைத்தாயிற்று, எத்தனை வைக்கவில்லை, எதற்குத் தண்ணீர் வண்டி கிடைக்கவில்லை என்பவை ஒன்றுமில்லை. இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் வரும் ஓர் உத்தரவுக்கு, கைகூப்பும் படமும் கட்டைவிரல் படமும் வரிசையாக வந்து விழுகின்றன. படித்தார்கள் என்பதற்கு அது சாட்சியே தவிர, விளங்கிற்று என்பதற்கோ, செய்ய இயலும் என்பதற்கோ சாட்சி ஆகாது. விரைவாகச் செய்தி செல்வதையே நல்ல தொடர்பு என்று நாம் கொண்டுவிட்டோம். கேட்டவர் தாம் விளங்கிக்கொண்டதைத் தம் சொல்லிலேயே திருப்பிச் சொல்லும் வரையில் தொடர்பு பாதிதான் முடிந்திருக்கிறது.

2024-ஆம் ஆண்டின் கார்த்திகையில் இந்த மாவட்டம் அநுபவித்ததை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியாது. நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. அதனைத் தொடர்ந்த பெருமழையில், டிசம்பர் 1-ஆம் தேதி, அண்ணாமலையின் அடிவாரத்தில் வ.உ.சி. நகரில், மலைச்சரிவிலிருந்து பாறையும் மண்ணும் உருண்டு வீட்டின்மேல் விழுந்து, ஐந்து குழந்தைகள் உட்பட ஏழு பேர் மாண்டார்கள். கனரக இயந்திரங்கள் எளிதில் நுழைய முடியாத குறுகிய தெரு, மேலே இன்னும் அசையக்கூடிய பாறைகள், விடாத மழை. தேசியப் பேரிடர் மீட்புப் படையினரும், தீயணைப்பு வீரர்களும், காவலர்களும் அந்த நிலையிலும் தேடினார்கள். ஊர் முழுவதும் துக்கத்தில் ஆழ்ந்தது. மகாதீபமோ டிசம்பர் 13-ஆம் தேதி.

அப்போது எழுந்த கேள்வி சாமானியமானதன்று. அதற்கு முன் பல ஆண்டுகளில் தீபத்தன்று குறிப்பிட்ட தொகையான பக்தர்கள் மலையேற அநுமதிக்கப்பட்டதுண்டு. அந்த ஆண்டு ஏறலாமா? அரசு, மண்ணியல் வல்லுநர்களை மலைமேல் அனுப்பிப் பரிசோதிக்கச் செய்தது. மண் ஈரத்தால் நெகிழ்ந்திருக்கிறது, ஜனங்கள் ஏறுவது பத்திரமன்று என்ற அவர்களுடைய முடிவு, உற்சவத்துக்குச் சில நாட்களே இருக்கும்போது, மேலே சென்றது. மேலே இருந்தவர்கள் அதனை ஏற்றுக்கொண்டு, காரணத்தோடு பகிரங்கமாகவும் அறிவித்தார்கள். தீபம் ஏற்றுவதற்கு அவசியமானவர்கள் மாத்திரம் நெய்யோடும் கொப்பரையோடும் ஏறினார்கள். மற்றவர்களுக்கு அநுமதி இல்லை என்றாயிற்று. குறித்த வேளையில் ஜோதி எழுந்தது. பல தலைமுறையாகப் பக்தர்கள் போற்றிவந்த ஒரு வழக்கத்தை நிறுத்திவைக்கும்படி சொல்வது எந்த நிபுணருக்கும் எளிதன்று; அந்தச் சொல்லைப் பெற்றுக்கொள்வது எந்த அதிகாரிக்கும் எளிதன்று. 'பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்லிவிட்டு நல்லதே நடக்கும் என்று இருந்துவிடுவதற்கு வேண்டிய எல்லா நெருக்கடியும் அங்கே இருந்தது. கசப்பான உண்மை அவ்வளவு நெருக்கடியிலும் மேலே ஏறிச் சென்றது என்பதையே நான் இதில் பெரிதாக மதிக்கிறேன். காரணத்தைச் சொல்லாமல் வெறும் தடையுத்தரவாக அது வந்திருக்குமானால், அடிவாரத்தில் நின்ற ஜனங்களுக்கும் அவர்களைத் தடுத்து நின்ற காவலர்களுக்கும் இடையே வேறு விதமான பேச்சே நடந்திருக்கும்.

தொழிற்சாலைகளில் இதே தத்துவம் வேறு உருவத்தில் விளங்குகிறது. சென்னையை அடுத்த பாடியில் இயங்கிய சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் தடைக்கருவிப் பிரிவு, 1998-இல் ஜப்பானியர்களின் டெமிங் பரிசைப் பெற்றது. இந்தியாவில் அப்பரிசை முதலில் பெற்ற பெருமை அதற்கே உரியது. இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளர் ஒவ்வொருவரும் தம் வேலையில் காணும் குறையையும் அதற்குரிய மாற்றத்தையும் எழுதிக்கொடுக்க வேண்டும், அதற்குப் பதில் கிடைக்க வேண்டும் என்ற ஏற்பாடு அந்த வெற்றிக்கு ஆதாரங்களில் ஒன்று. எந்த அமெரிக்கப் பேராசிரியரின் பெயரால் அப்பரிசு வழங்கப்படுகிறதோ, அந்த எட்வர்ட்ஸ் டெமிங் நிர்வாகத்துக்கு வகுத்த பதினான்கு நெறிகளில் எட்டாவது, பணியிடத்திலிருந்து அச்சத்தை ஓட்டுக என்பது. புள்ளியியல் நிபுணரான அவர், அச்சத்தைக் கணக்கோடு சம்பந்தப்பட்ட விஷயமாகவே கண்டார். அஞ்சுகிறவர் கொடுக்கும் எண்கள் பொய்யாகவே இருக்கும், பொய்யெண்களைக் கொண்டு ஒரு காரியாலயத்தையும் நடத்த முடியாது.

நம்முடைய வள்ளுவரும் பொருட்பாலில் தெரிந்து தெளிதலுக்கு ஓர் அதிகாரமும், அதனையடுத்துத் தெரிந்து வினையாடலுக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். ஆராய்ந்து தேர்ந்தெடுப்பது ஒன்று, தேர்ந்தெடுத்தவரிடம் காரியத்தை ஒப்படைத்து ஐயப்படாமலிருப்பது மற்றொன்று. இரண்டாவதைச் செய்ய இயலாமல் தவிக்கிற அதிகாரிகளை நான் கண்டிருக்கிறேன். பெயரளவில் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, மணிக்கொரு முறை அழைத்து விசாரிக்கும் அவர்கள், தங்கள் குழுவினரை வேலையைவிட விசாரணைக்கே ஆயத்தப்படுத்திவிடுகிறார்கள்.

இத்தனையும் சொன்ன பிறகு, மனத்தை மிகவும் உறுத்துகிற விஷயம் ஒன்று மிஞ்சுகிறது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். தீபத்தன்றும் ஒவ்வொரு பௌர்ணமியன்றும் அந்தப் பாதையில் ஜனங்கள் நடந்து போன பிறகு, அதனைக் கூட்டிப் பெருக்கிச் சுத்தம் செய்கிறவர்கள் தூய்மைப் பணியாளர்கள். எந்தக் கழிப்பறையில் தண்ணீர் முதலில் நின்றது, எந்த வளைவில் ஜனங்கள் நெரிந்தார்கள், எந்த அன்னதானப் பந்தலின் இலைகள் வடிகாலை அடைத்தன, எந்த விளக்குக் கம்பத்தினடியில் இருட்டு இருந்தது என்பவற்றை அவர்களைப் போல் பிரத்தியட்சமாக அறிந்தவர்கள் வேறு யாருமில்லை. தேரில் முட்டுக்கட்டைக்காரருக்கு எந்த இடமோ, கிரிவலப் பாதையில் அவர்களுக்கு அந்த இடம். ஆனால் முட்டுக்கட்டைக்காரரின் குரலுக்கு நிற்கும் தேரைப் போல, இவர்கள் குரலுக்குச் செவிசாய்க்கும் ஏற்பாடு நம் நிர்வாக முறையில் பொதுவாக இல்லை. அவர்களுக்கும் கூட்ட அரங்கத்துக்கும் இடையே மேஸ்திரி, ஒப்பந்ததாரர், ஆய்வாளர், அலுவலர் என்று எத்தனையோ படிகள் நிற்கின்றன. ஒவ்வொரு படியிலும் சொல் சற்றுத் தேய்ந்து, மேலே போய்ச் சேரும்போது 'எல்லாம் ரெடி சார்' என்றாகிவிடுகிறது. நெய்யைச் சுமந்து ஏறுகிறவர்களுக்கும், இரவு முழுவதும் தற்காலிகப் பேருந்து நிலையத்தில் நின்று வண்டிகளை ஒழுங்குசெய்கிறவர்களுக்கும், 108 வண்டியில் ஜனத்திரளைப் பிளந்துகொண்டு சென்ற ஓட்டுநர்களுக்கும் இது பொருந்தும்.

ஆகையால் ஒரு யோசனையை மாவட்ட நிர்வாகத்தின் முன் வைக்கிறேன். உற்சவத்துக்கு முன்னே கூட்டங்கள் பல நடக்கின்றன. உற்சவம் முடிந்து, மலையுச்சியில் பதினொரு நாள் எரியும் தீபம் நிறைவுபெற்ற அடுத்த வாரத்தில், அதே அரங்கில் ஒரு கூட்டம் நடக்கட்டும். அதில் முதல் வரிசையில் தூய்மைப் பணியாளர்களும், நெய் சுமந்தவர்களும், பேருந்து ஓட்டுநர்களும், வெளி மாவட்டத்துக் காவலர்களில் சிலரும், முட்டுக்கட்டை போட்டவர்களும் அமரட்டும். அவர்கள் பேசி முடிக்கும் வரையில் துறைத் தலைவர்கள் பேச வேண்டாம். யார் மீது குற்றம் என்ற கேள்வியை அந்த ஒரு நாள் ஒருவரும் எழுப்ப வேண்டாம். சொல்லப்பட்ட ஒவ்வொரு குறையும் எண் பெற்று, உரிய பிரிவின் தன்பதிவேட்டில் ஏறி, என்ன செய்யப்பட்டது, செய்ய இயலாவிட்டால் ஏன் இயலவில்லை என்ற பதில், சொன்னவருக்கே எழுத்தில் போய்ச் சேரட்டும். அடுத்த ஆண்டு உற்சவத்துக்கான முதல் கூட்டம், புதிய உத்தரவுகளோடு தொடங்காமல், அந்தப் பட்டியலை உரக்கப் படிப்பதோடு தொடங்கட்டும். இதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு எதுவும் வேண்டியதில்லை. ஓர் அரங்கமும், ஒரு பதிவேடும், ஒரு முழு நாளும் போதும்.